சென்னைப் பல்கலைக்கழகத் தோற்றமும் அரசியல் ஆதரவும் (1839–1857)

ஆய்வுச்சுருக்கம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சட்டத்தின்வழி நிறுவப்பெற்றது. அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் உயர்கல்வி நிறுவனம் வேண்டி 70,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஆளுநரிடம் அளிக்கப்பட்டிருந்தது. மக்களின் வேண்டுகோள், ஆளுநரின் இசைவு, சட்ட அறிஞர்களின் முனைப்பு ஆகியன தொடக்கத்திலேயே ஒன்றுகூடியிருந்தும், பல்கலைக்கழகம் உருப்பெறக் காலம் நீண்டது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா. ஆதரவின் அளவைவிட அதன் தன்மையே நிறுவனத்தின் வடிவத்தை முடிவுசெய்தது என்பதும், 1839இல் வேண்டப்பட்டதும் 1857இல் வழங்கப்பட்டதும் வெவ்வேறு வகை நிறுவனங்கள் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சென்னைப் பல்கலைக்கழகம், 1839 விண்ணப்பம், ஜார்ஜ் நார்ட்டன், எல்பின்ஸ்டன், உட்டின் கல்வி அறிக்கை, சென்னைவாசிகள் சங்கம், இலண்டன் மாதிரி.

1. முன்னுரை

இந்தியப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றை 1854ஆம் ஆண்டு சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கையிலிருந்து தொடங்குவது வழக்கம். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் அவ்வறிக்கையின் பயனாக ஒரே ஆண்டில் தோன்றியமையால் இவ்வழக்கம் வேரூன்றியது. இம்முறையில் எழுதப்படும் வரலாறு பல்கலைக்கழகத்தை இலண்டனிலிருந்து வந்த ஒரு கொடையாகக் காட்டுகிறது. சென்னையைப் பொறுத்தவரை இப்பார்வை முழுமையானதன்று. இங்கு வேண்டுகோள் முன்னும் ஆணை பின்னுமாக நிகழ்ந்தன.

அரசின் நிதியாலும் சட்டத்தாலும் இயங்கும் ஒரு பல்கலைக்கழகம் தோன்ற அரசியல் ஆதரவு இன்றியமையாதது. அவ்வாதரவு ஒரே தன்மையுடையதன்று. மக்கள் திரண்டு கேட்பது ஒருவகை. ஆட்சித் தலைவர் முன்வருவது ஒருவகை. நிதியை ஒதுக்குவோர் இசைவது ஒருவகை. சட்டம் இயற்றுவோர் வாக்களிப்பது ஒருவகை. இந்நான்கும் சென்னையில் எந்தெந்தக் காலத்தில், யாரிடமிருந்து, எந்நிபந்தனையுடன் கிடைத்தன என்பதை வரிசைப்படுத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. விண்ணப்பத்திற்கு முந்தைய கல்விச் சூழல்

1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இந்தியாவில் கல்விக்கென ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்கலாம் என வகைசெய்தது. சென்னை மாகாணத்தில் இதன்பின் எழுந்த முதல் பெருமுயற்சி ஆளுநர் தாமஸ் மன்றோவினுடையது. 1822இல் அவர் மாவட்ட ஆட்சியர்களிடம் உள்நாட்டுப் பள்ளிகளைப் பற்றிய விவரங்களைக் கேட்டார். 1826ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்புரை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தமையைக் காட்டியது. மாவட்டந்தோறும் தலைமைப் பள்ளிகளும் தாசில் தோறும் ஒரு பள்ளியும் அமைக்கும் திட்டத்தை அவர் முன்வைத்தார். பொதுக்கல்விக் குழு அமைந்தது. ஆண்டுக்குச் சுமார் 50,000 ரூபாய் செலவிடக் கம்பெனியின் இயக்குநர் அவை பின்னர் இசைந்தது. ஆயினும் 1827இல் மன்றோ மறைந்தபின் இத்திட்டத்தைத் தாங்கி நிற்க எவருமில்லை.

1835இல் மெக்காலேயின் குறிப்புரையும் பெண்டிங்கின் தீர்மானமும் அரசின் கல்விப் பணத்தை ஆங்கிலவழி உயர்கல்வியின் பக்கம் திருப்பின. சென்னையில் 1836இல் மன்றோவின் தாசில் பள்ளிகள் கைவிடப்பட்டன. எனவே 1830களின் இறுதியில் சென்னை ஒரு விந்தையான வெற்றிடத்தில் இருந்தது. பழைய திட்டம் நீக்கப்பட்டிருந்தது. அதற்கு ஈடாக வரவேண்டிய ஆங்கிலக் கல்லூரி இன்னும் வரவில்லை. கல்கத்தாவில் 1817 முதல் இந்துக் கல்லூரி இயங்கியது. பம்பாயில் எல்பின்ஸ்டன் நிறுவனம் எழுந்துவிட்டது. மூன்று மாகாணத் தலைநகரங்களில் சென்னை மட்டுமே அத்தகைய நிறுவனம் இன்றி நின்றது. 1839ஆம் ஆண்டு விண்ணப்பம் இவ்வெற்றிடத்திலிருந்தே எழுந்தது.

3. எழுபதாயிரவர் விண்ணப்பம்

1839ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் அரசின் தலைமை வழக்கறிஞராகிய ஜார்ஜ் நார்ட்டன் ஒரு பொது விண்ணப்பத்தை ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளித்தார். அதில் 70,000 பேர் கையொப்பமிட்டிருந்தனர். சென்னை நகரில் ஓர் ஆங்கிலக் கல்லூரி வேண்டும் என்பது அதன் மையக் கோரிக்கை.

விண்ணப்பத்தின் வாதமுறை கூர்ந்து நோக்கத்தக்கது. இந்தியாவில் பிரித்தானிய ஆட்சிக்கு முதலில் உட்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்றும், கல்விக்கான அரசின் கவனத்தில் கடைசியாக வைக்கப்பட்டவர்களும் தாங்களே என்றும் கையொப்பமிட்டோர் எடுத்துரைத்தனர். பிற இரு மாகாணங்களை அணிசெய்யும் கல்லூரிகள் தங்களிடம் எங்கே என்று வினவினர். இது இரந்து நிற்கும் குரலன்று; மாகாணங்களிடையே சமன்மை கோரும் உரிமைக் குரல். மக்களின் சமய உணர்வில் தலையிடும் எக்கல்வித் திட்டமும் பயன் தராது என்பதையும், நிறுவனத்தின் ஆளுகையில் தம் சமூகத்தாருக்கும் இடம் வேண்டும் என்பதையும் அவ்விண்ணப்பம் உணர்த்தியது. ஆகவே அதனுள் மூன்று கூறுகள் அடங்கியிருந்தன: கற்பிக்கும் நிறுவனம், சமய நடுநிலை, ஆளுகையில் பங்கு. இம்மூன்றில் எவை நிறைவேறின என்பதே பின்வரும் 18 ஆண்டுகளின் கதையை அளக்கும் கோலாகும்.

கையொப்பங்களின் எண்ணிக்கையும் சிந்தனைக்குரியது. அக்காலச் சென்னையில் ஆங்கிலம் கற்றோர் தொகை 70,000ஐ எட்டியிருக்க இயலாது. எனவே இவ்விண்ணப்பம் ஆங்கிலம் அறிந்த ஒரு சிறு குழுவின் வேண்டுகோளாக மட்டும் நின்றிருக்க முடியாது. வணிகம், சாதி, கோயில், தெரு எனப் பல பிணைப்புகளின் வழியாகவே இத்தகைய தொகையைத் திரட்டியிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. ஆனால் கையொப்பமிட்ட பலரின் பிள்ளைகள் பயின்றிருக்கக்கூடிய ஊர்ப்பள்ளிகளைப் பற்றி அன்று பேச எவரும் முன்வரவில்லை. மேல்நிலைக் கல்விக்கான ஆதரவு திரண்ட அதே பத்தாண்டில்தான் தாசில் பள்ளிகள் மறைந்தன. பரந்த ஆதரவு, குறுகிய பயனாளர் என்னும் இம்முரண் பல்கலைக்கழகத்தின் பிறப்பிலேயே அமைந்தது.

நார்ட்டனின் இடமும் தெளிவுபடுத்தற்குரியது. பச்சையப்ப முதலியாரின் அறக்கொடை நெடுங்காலம் வழக்குகளில் சிக்கிக் கிடந்தது. அதனை மீட்டுக் கல்விப் பணிக்குத் திருப்பியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அம்முயற்சியின் பயனாக 1842இல் பச்சையப்பன் பள்ளி தொடங்கியது. சென்னையின் செல்வர்களும் ஓர் அரசு வழக்கறிஞரும் கல்வி குறித்து ஒருங்கே செயல்படும் பழக்கம் இவ்வறக்கொடை விவகாரத்தில் ஏற்கெனவே உருவாகியிருந்தது. 1839 விண்ணப்பம் அப்பழக்கத்தின் அரசியல் வடிவம் எனலாம்.

4. எல்பின்ஸ்டன் திட்டம்

ஆளுநரின் மறுமொழி விரைந்து வந்தது. எல்பின்ஸ்டன் ‘பல்கலைக்கழகம்’ என்னும் பெயரிலேயே ஒரு நடு நிறுவனத்தைத் திட்டமிட்டார். அதற்கு இரு பிரிவுகள்: ஆங்கில இலக்கியம், நாட்டுமொழி, தத்துவம், அறிவியலின் தொடக்கம் ஆகியவற்றுக்கான உயர்பள்ளி ஒன்று; அவற்றின் மேல்நிலைக் கல்விக்கான கல்லூரி ஒன்று. 1840 சனவரியில் நார்ட்டனைத் தலைவராகக் கொண்ட பல்கலைக்கழகக் குழு அமைக்கப்பட்டது. கேம்பிரிட்சில் பயின்ற ஏயர் பர்ட்டன் பவல் தலைமையாசிரியராக வந்தார். 1841இல் உயர்பள்ளி தொடங்கியது.

ஆனால் இரண்டாம் பிரிவாகிய கல்லூரி அக்காலத்தில் எழவே இல்லை. 1842இல் எல்பின்ஸ்டன் பதவியிலிருந்து நீங்கினார். ஒரு தனி ஆளுநரின் விருப்பத்தைச் சார்ந்த ஆதரவு அவர் கப்பலேறியவுடன் தளர்ந்துவிடும் என்பதை மன்றோவின் திட்டம் முன்பே காட்டியிருந்தது. எல்பின்ஸ்டன் திட்டம் அதனை மீண்டும் காட்டியது. பல்கலைக்கழகம் என்ற பெயரில் ஒரு பள்ளி மட்டும் பல ஆண்டுகள் நடந்தது. பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அதனைத் தரும் சட்டமும் இல்லை.

இத்தகைய தடை சென்னைக்கு மட்டும் உரியதன்று. 1845இல் கல்கத்தாவின் கல்விக் குழுத் தலைவர் சார்லஸ் கேமரூன் அங்கு ஒரு பல்கலைக்கழகம் நிறுவும் திட்டத்தை அனுப்பினார். இயக்குநர் அவை அதற்குரிய காலம் வரவில்லை எனக் கூறி மறுத்தது. ஆக, 1840களில் மாகாணங்களில் விருப்பம் இருந்தது; இலண்டனில் இசைவு இல்லை.

5. ஆதரவைப் பிளந்த சமயச் சிக்கல்

நிதியும் இசைவும் இல்லாமை ஒருபுறம் இருக்க, உள்ளூர் ஆதரவே இக்காலத்தில் பிளவுபட்டது. 1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷன் பள்ளி நகரில் செல்வாக்குப் பெற்றது. பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம் அதுவே. 1841இல் அப்பள்ளி மாணவர் சிலர் மதம் மாறியமை நகரில் பெருங்கொந்தளிப்பை உண்டாக்கியது. விவிலியம் இல்லாத அரசுக் கல்வியை மிஷனரிகள் குறைகூறினர்; விவிலியம் உள்ள கல்வியை இந்து முதன்மையர் ஐயுற்றனர். இருதரப்பினரும் உயர்கல்வியை வேண்டியவர்களே. எனினும் இருவரும் ஒரே நிறுவனத்தை வேண்டவில்லை.

எல்பின்ஸ்டனுக்குப்பின் வந்த ட்வீடேல் பிரபு 1846இல் அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடநூலாக அனுமதிக்க முனைந்தபோது முரண் முற்றியது. காசுலு இலட்சுமிநரசு செட்டியார் இதற்கெதிரான முயற்சிக்குத் தலைமை தாங்கினார். 1844இல் அவர் தொடங்கிய கிரசண்ட் இதழ் இவ்வெதிர்ப்பின் கருவியாயிற்று. பொதுக்கூட்டம் கூடியது, இயக்குநர் அவைக்கு விண்ணப்பம் சென்றது. அவ்வவை ஆளுநரின் கருத்தை ஏற்கவில்லை. விண்ணப்பதாரர்களின் நோக்கில் இது வெற்றி. பல்கலைக்கழகத்தின் நோக்கில் இது இழந்த காலம். 1839இல் கல்லூரி கேட்கத் திரண்ட ஆற்றல் 1846இல் உள்ளதைக் காத்துக்கொள்ளவே செலவாயிற்று.

6. நாடாளுமன்றத்தை நோக்கி

இப்போராட்டம் ஒரு பாடத்தைக் கற்பித்தது. ஆளுநரை மட்டும் நம்புவது போதாது. ஆளுநருக்கு மேலுள்ள அவைகளை அணுக வேண்டும் என்பதே அது. 1852 பிப்ரவரி 26ஆம் நாள் இலட்சுமிநரசு செட்டியார் முதலானோரால் சென்னைவாசிகள் சங்கம் நிறுவப்பட்டது. கம்பெனியின் பட்டயம் 1853இல் மறுஆய்வுக்கு வரவிருந்தது. அதனை முன்னிட்டு 1852 டிசம்பரில் சங்கம் பிரித்தானிய நாடாளுமன்றத்திற்கு விரிவான விண்ணப்பம் ஒன்றை அனுப்பியது. நிலவரிக் கொடுமை, நீதிமுறைக் குறைகள், சாலை, பாசனம் ஆகியவற்றோடு கல்விக்கு அரசு காட்டிய புறக்கணிப்பும் அதில் இடம்பெற்றது.

1839 விண்ணப்பத்திற்கும் 1852 விண்ணப்பத்திற்கும் இடையிலான மாற்றம் நுட்பமானது. முன்னது கல்லூரியை மட்டும் கேட்டது. பின்னது கல்வியை வரி, நீதி, பாசனம் ஆகியவற்றோடு சேர்த்து ஆட்சிமுறையின் குறைகளுள் ஒன்றாக வைத்தது. முன்னது ஆளுநரை நோக்கியது. பின்னது ஆளுநரையே கேள்விக்கு உள்ளாக்கியது. கல்விக்கான வேண்டுகோள் அரசியல் இயக்கமாக முதிர்ந்த கட்டம் இதுவாகும். பட்டய மறுஆய்வின்போது நாடாளுமன்றக் குழுக்கள் அலெக்சாண்டர் டஃப், டிரெவெலியன், மார்ஷ்மன், கேமரூன் முதலியோரிடம் சான்றுரை பெற்றன. பல்கலைக்கழகங்கள் பற்றிய கருத்து இலண்டனில் இடம்பிடித்தது இச்சூழலில்தான்.

7. நிபந்தனையுடன் கூடிய இசைவு

1854ஆம் ஆண்டு சூலை 19ஆம் நாளிட்ட கல்வி அறிக்கை கல்கத்தாவிலும் பம்பாயிலும் பல்கலைக்கழகங்கள் அமைக்க வழிகூறியது. சென்னையைப் பற்றி அது கூறியது வேறு. பட்டத்திற்குத் தகுதியான மாணவர்களை அனுப்பவல்ல நிறுவனங்கள் போதிய அளவில் இருக்குமாயின் சென்னையிலோ இந்தியாவின் வேறு பகுதியிலோ பல்கலைக்கழகம் அமைக்க இசைவதாகவே அது தெரிவித்தது. மூன்று மாகாணங்களுள் முதன்முதலில் 70,000 கையொப்பங்களுடன் உயர்கல்வி கேட்ட மாகாணத்திற்கு இசைவு நிபந்தனையுடன் வந்தது. நிறுவனங்கள் போதா என்பது உண்மையெனில், அப்போதாமைக்குக் காரணம் எல்பின்ஸ்டனின் கல்லூரிப் பிரிவு தொடங்கப்படாமல் விடப்பட்டதேயாகும்.

நிபந்தனையை நிறைவுசெய்யும் பணி விரைந்து நடந்தது. 1854இல் ஆளுநராக வந்த ஹாரிஸ் பிரபுவின் காலத்தில் பொதுக்கல்வித் துறை அமைந்தது. அலெக்சாண்டர் அர்பத்நாட் அதன் முதல் இயக்குநரானார். 1855இல் உயர்பள்ளி மாநிலக் கல்லூரியாக உயர்த்தப்பட்டது. எல்பின்ஸ்டன் திட்டத்தின் இரண்டாம் பிரிவு இவ்வாறு காலந்தாழ்ந்து நிறைவேறியது. மானிய உதவித் திட்டம் மிஷன் நிறுவனங்களையும் அரசின் கல்வி அமைப்போடு இணைத்தது.

8. இலண்டன் மாதிரி: கல்வி முறையா, அரசியல் உடன்பாடா?

உட்டின் அறிக்கை இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டது. தானே கற்பிக்காமல், இணைவுபெற்ற கல்லூரிகளின் மாணவர்களைத் தேர்ந்து பட்டம் வழங்கும் முறை அது. செலவு குறைவென்பதால் இம்முறை தெரிவுசெய்யப்பட்டது என்று பொதுவாக விளக்குவர். அது ஒரு காரணமே. மற்றொரு காரணம் அம்மாதிரியின் வரலாற்றிலேயே உள்ளது.

1826இல் இலண்டனில் சமயச் சோதனையற்ற கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு எதிர்நிலையாக 1829இல் ஆங்கிலத் திருச்சபையின் சார்பில் கிங்ஸ் கல்லூரி எழுந்தது. எக்கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமை தருவது என்ற பூசல் நீடித்தது. 1836ஆம் ஆண்டுப் பட்டயம் இருவருக்கும் மேலாகத் தேர்வு நடத்தும் ஒரு பொது அமைப்பை உண்டாக்கி அப்பூசலைத் தீர்த்தது. அதாவது, தேர்வுப் பல்கலைக்கழகம் என்பது சமயப் பிணக்கிற்குக் காணப்பட்ட ஓர் அரசியல் உடன்பாடு.

சென்னையின் நிலை இதனோடு பொருந்துவதைக் காணலாம். சமயம் கற்பிக்கும் மிஷன் கல்லூரியும் சமயம் கற்பிக்காத அரசுக் கல்லூரியும் ஒரே தேர்வுக்கு மாணவரை அனுப்பலாம். தேர்வில் சமய நம்பிக்கை வினாவாகாது. 1846இல் எதிரெதிர் நின்ற இருதரப்பும் 1857இல் ஒரே அமைப்பை எதிர்ப்பின்றி ஏற்க இதுவே வழிசெய்தது. ஆதரவை மீண்டும் ஒன்றுசேர்த்தது இவ்வடிவமே. ஆனால் அதற்கு விலை உண்டு. 1839இல் கேட்கப்பட்டது கற்பிக்கும் நிறுவனம்; கிடைத்தது தேர்வு நடத்தும் நிறுவனம்.

9. 1857: சட்டமும் ஆளுகையும்

1857ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் கல்கத்தாவிற்கும், சூலை 18ஆம் நாள் பம்பாய்க்கும், செப்டம்பர் 5ஆம் நாள் சென்னைக்கும் பல்கலைக்கழகச் சட்டங்கள் நிறைவேறின. சென்னைக்குரியது அவ்வாண்டின் 27ஆம் சட்டம். வடஇந்தியாவில் பெருங்கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. தில்லி மீட்கப்படாத நிலையிலும் சட்டம் நின்றுவிடவில்லை. ஆளுநர் ஹாரிஸ் வேந்தராகவும் தலைமை நீதிபதி கிறிஸ்டபர் ராலின்சன் துணைவேந்தராகவும் அமைந்தனர். கலை, சட்டம், மருத்துவம், குடிசார் பொறியியல் ஆகிய துறைகளில் பட்டங்கள் வழங்க வகைசெய்யப்பட்டது.

இச்சட்டத்தை இயற்றிய அவையில் இந்தியர் ஒருவரும் இல்லை. அக்காலச் சட்டமன்றம் ஆங்கிலேய அதிகாரிகளும் நீதிபதிகளும் மட்டுமே அடங்கியது. பல்கலைக்கழகப் பேரவையின் உறுப்பினர்களும் பதவிவழி வந்தோரும் அரசால் நியமிக்கப்பட்டோருமே. தேர்தல்வழி உறுப்பினர் பெறச் சட்டத்தில் இடம் கிடைத்தது 1904ஆம் ஆண்டிலாகும். 1839 விண்ணப்பத்தின் மூன்று கூறுகளை இங்கு மீண்டும் நிறுத்துப் பார்க்கலாம். சமய நடுநிலை நிறைவேறியது. கற்பிக்கும் நிறுவனம் நிறைவேறவில்லை. ஆளுகையில் மக்களின் பங்கு உரிமையாக அன்றி அரசின் தெரிவாக மட்டும் நின்றது.

10. முதல் பட்டதாரிகளும் யாழ்ப்பாணத் தொடர்பும்

பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக அறியப்படுவோர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் ஆவர். இருவரும் யாழ்ப்பாணத்தினர், இருவரும் அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டை செமினரியில் பயின்றவர்கள். 1823இல் தமிழ் மாணவர்க்கான கல்லூரியாகவே அந்நிறுவனம் திட்டமிடப்பட்டது. கல்லூரி நிலைக்கான பட்டயம் அரசிடம் கிட்டாமையால் அது செமினரியாகவே நின்று 1855இல் மூடப்பட்டது. அரசியல் ஆதரவு இன்றிக் கற்பித்தல் மட்டும் இருந்த நிறுவனம் வட்டுக்கோட்டையில் இருந்தது. அரசியல் ஆதரவால் பட்டம் வழங்கும் உரிமை மட்டும் பெற்ற நிறுவனம் சென்னையில் எழுந்தது. தேர்வுப் பல்கலைக்கழகம் என்ற வடிவமே ஓரிடத்தில் பெற்ற கல்விக்கு வேறோரிடத்தில் பட்டம் பெறுவதை இயல்வதாக்கியது.

பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய முன்னோடிகளுள் ஒருவராகத் தாமோதரம்பிள்ளை பின்னாளில் விளங்கினார். கலித்தொகையை 1887இல் அவர் பதிப்பித்தார். அப்பணி அவருடைய தனிமுயற்சி, பல்கலைக்கழகத்தின் திட்டமன்று. உட்டின் அறிக்கை நாட்டுமொழிப் பேராசிரியர் பதவிகளை வரவேற்றிருந்தும், கற்பிக்காத பல்கலைக்கழகத்தில் தமிழாய்வுக்கு இருக்கை அமையவில்லை. தமிழுக்கெனப் பல்கலைக்கழகம் ஆற்றிய பெரும்பணியாகிய தமிழ்ப் பேரகராதி 1924 முதலே வெளிவரத் தொடங்கியது. நிறுவனத்தின் வடிவம் ஒரு மொழியின் ஆய்வு வரலாற்றைப் பல பத்தாண்டுகள் தள்ளிவைக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

சென்னைப் பல்கலைக்கழகம் 1854 அறிக்கையின் விளைவு மட்டுமன்று; 1839 முதல் தொடர்ந்த பொது வேண்டுகோளின் விளைவுமாகும்.

ஆளுநர் ஒருவரின் விருப்பத்தைச் சார்ந்த ஆதரவு நிலைக்கவில்லை. மன்றோ, எல்பின்ஸ்டன் ஆகியோரின் திட்டங்கள் அவர்களுக்குப்பின் தளர்ந்தமை இதனைக் காட்டுகிறது. சட்டமாக மாறிய ஆதரவே ஆட்சி மாற்றத்தையும் கிளர்ச்சிக் காலத்தையும் தாண்டி நின்றது.

சமயப் பிணக்கால் பிளந்த ஆதரவை ஒன்றுசேர்க்கத் தேர்வுப் பல்கலைக்கழகம் என்ற வடிவம் உதவியது. அதே வடிவம் கற்பித்தலையும் ஆய்வையும் பல்கலைக்கழகத்திற்கு வெளியே நிறுத்தியது.

70,000 பேர் கேட்டனர். இந்தியர் எவரும் இடம்பெறாத அவை வழங்கியது. கேட்டோருக்கும் வழங்கியோருக்கும் இடையிலிருந்த இத்தொலைவைக் கருத்தில் கொள்ளாமல் அக்காலப் பல்கலைக்கழகத்தின் சாதனைகளையோ குறைகளையோ மதிப்பிடுவது பொருந்தாது. மாநிலக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி, கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றின் தொடக்கக்கால வரலாறுகளைத் தனித்தனியே எழுதாமல், ஒரே அரசியல் களத்தின் மூன்று முனைகளாகக் கொண்டு ஆராய்வது இத்துறையில் மேலும் பயன்தரும்.